தொண்ணூறு வருட வாழ்க்கையை 48 பக்கத்தில் அடக்குவது

வெள்ளவத்தையில் ஒரு செத்தவீடு முடிந்து, காடாத்தும் (சாம்பல் அள்ளுகிற சடங்கு) முடிந்து, எட்டாம் நாள் சடங்கான எட்டுக்கு இன்னும் இரண்டு மூன்று நாள் இருக்கும்போதுதான் யாராவது கேட்பார்கள்: "அப்பாவுக்குக் கல்வெட்டு அடிக்கிறதில்லையோ?" கல்வெட்டு என்றால் இறந்தவரின் வாழ்க்கை வரலாற்றையும் தேவாரங்களையும் சேர்த்து அடிக்கிற நினைவு மலர். இந்தக் கேள்விக்குப் பிறகு நடப்பது எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அச்சகத்துக் கொம்பியூட்டரில் கிடக்கிற பழைய மலர் ஒன்றைத் திறந்து பெயர்களை மாற்றுவார்கள். "அன்னார் இளமையிலேயே துணிவும் சமூக சேவையில் நாட்டமும் கொண்டு விளங்கினார்" என்ற வசனம் அப்படியே இருக்கும். 31 ஆம் நாள் கிரியையான அந்தியேட்டியன்று மண்டப வாசலில் அடுக்கி வைப்பார்கள். வாங்கிப் போகிறவர் சிவபுராணப் பக்கத்துக்காக அதைச் சாமியறையில் வைத்துக்கொள்வார். வாழ்க்கை வரலாற்றை இரண்டாம் முறை வாசிக்க ஆள் இருக்காது.

ஊர் சுற்றியவர், கடல் கடந்தவர், புயலடித்த இடத்துக்கு லொறியில் ஏறிப் போனவர், அதற்கிடையில் நாலு பிள்ளைகளையும் படிப்பித்தவர். இப்படி ஒரு அப்பாவுக்கு அந்தப் பழைய வசனம் பெரிய அநியாயம். அவர் செய்தவற்றில் பாதி எங்கும் எழுதப்படாதவை. அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் 85, 90 வயதில் இருக்கிறார்கள். 31 நாளுக்குள் கேட்டால் கிடைக்கும். ஆண்டுத் திவசத்துக்குப் பார்ப்போம் என்று விட்டால் அவர்களிலும் சிலர் இருக்கமாட்டார்கள். ஆகவே அவசரத்தோடும் ஒழுங்கோடும் செய்யவேண்டிய அலுவல் இது. இங்கே உதாரணத்துக்கு வருகிற அப்பா குறிப்பிட்ட ஒருவரல்ல. 1930களில் வடமராட்சியிலோ தீவுப்பகுதியிலோ பிறந்து, அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து, கொழும்பிலேயே கண்ணை மூடிய பல அப்பாமாரைச் சேர்த்துச் செய்த ஒரு ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை செத்தவீட்டிலேயே தொடங்குகிறது. அனுதாபப் புத்தகம் ஒன்று வாசலில் இருக்கும்; அதில் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்பதைத் தவிர ஒன்றும் வராது. அதற்குப் பக்கத்தில் ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த மட்டை போட்ட கொப்பி) வையுங்கள். நாலு நிரல் போதும்: பெயர், தொலைபேசி, எப்படிப் பழக்கம், எந்தக் காலம். வளர்ந்த பேரப்பிள்ளை ஒருவரை அதற்குப் பொறுப்பாக விடுங்கள். வயது போன கூட்டாளிமார் பிடித்துக்கொண்டு படியேறி வருவது பெரும்பாலும் அந்த ஒரு நாள்தான். அந்தியேட்டிக்கு அவர்களால் வர முடியாது. "1961 மன்னார் கந்தோர்" என்று ஒரு வரி அந்தக் கொப்பியில் விழுந்தால், அப்பாவின் வாழ்க்கையில் வீட்டுக்காரருக்கே தெரியாத ஒரு அறை திறந்த மாதிரி.

எட்டுக்குள் அவர்களுக்கு எடுத்துக் கதையுங்கள். காலை பத்து மணியளவு நல்லது. பின்னேரத்தில் களைத்துப் போவார்கள். ஒரு போனில் ஸ்பீக்கரில் கதைத்து, மற்றப் போனில் பதிவு செய்யுங்கள், கேட்டுவிட்டு. "அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று தொடங்கினால் "தங்கமான மனுசன்" என்று முடிந்துவிடும். பொருளிலிருந்தும் இடத்திலிருந்தும் தொடங்கவேண்டும். "மட்டக்களப்புக்கு எதிலை போனீங்கள்? லொறி ஆருடையது? இரவு எங்கை படுத்தீங்கள்? ஆர் சமைச்சது?" இப்படிக் கேட்டால் கதை தானாக வரும். கேள்விக்கு ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால் இருக்க விடுங்கள். இடையில் புகுந்து நீங்களே பதில் சொல்லிக் கொடுத்தால் அவர் "ஓமோம்" என்று தலையாட்டிவிடுவார், பிறகு அது உண்மையாக அச்சேறிவிடும்.

தேதிகள்

கதை எவ்வளவு வந்தாலும் அதைக் கட்டுவதற்கு ஒரு முதுகெலும்பு வேண்டும். அது கடதாசிகளில் இருக்கிறது. றங்குப்பெட்டி, அலுமாரி லாச்சி, பென்சன் கோவை மூன்றையும் கிளறுங்கள்.

பிறந்த தேதியில்தான் முதல் குழப்பம் வரும். சாதகக் குறிப்பு ஒன்று சொல்லும், பள்ளிக்கூடச் சான்றிதழ் இன்னொன்று சொல்லும். சாதகத்தில் "ஸ்ரீமுக வருடம் தை மாதம்" என்று இருந்தால், ஸ்ரீமுக வருடம் 1933 ஏப்ரலில் தொடங்கியதால் வீட்டில் 1933 என்று எழுதி வைத்திருப்பார்கள். தை மாதம் வரும்போது ஆங்கில வருடம் மாறிவிட்டது, பிறந்தது 1934. தை முதல் பங்குனி வரை பிறந்த எல்லாருக்கும் இந்தத் தவறு நேரலாம். மலரில் மட்டுமல்ல, கல்லறை, நினைவுப் படம் எல்லாவற்றிலும் வயது ஒன்று கூடிப் போகும்.

அடையாள அட்டை இலக்கத்தை வைத்து ஒரு கணக்குப் பார்க்கலாம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும். முதல் இரண்டும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. 34023 என்று தொடங்கினால் 1934 ஜனவரி 23. பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே எண்ணுவார்கள், ஆகவே மார்ச் 5 என்றால் 064 அல்ல, 065. அம்மாவுடையதில் நாளோடு 500 கூட்டியிருக்கும். 2016 இலிருந்து வருகிற 12 இலக்க அட்டையில் வருடம் நாலு இலக்கமாக முன்னுக்கு நிற்கும். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அட்டை பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பார்த்து எடுத்தது. பத்திரத்தில் பிழை என்றால் அட்டையும் அதே பிழையைத்தான் சொல்லும். சாதகமும் பத்திரமும் முட்டினால், பத்திரத் தேதியை முகப்பில் போட்டு, சாதகத் தேதியை வரலாற்றுக்குள் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இலக்கத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அச்சில் போடவேண்டாம்.

உத்தியோகத்துக்கு நியமனக் கடிதமும் இடமாற்றக் கடிதங்களும் போதும். அவற்றை வருட ஒழுங்கில் ஒரு மேசையில் பரப்பினால் அப்பா எங்கெங்கே இருந்தார் என்ற வரைபடம் கண்ணுக்கு முன்னால் வரும். பிள்ளைகள் பிறந்த இடங்களை அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள், இரண்டும் பொருந்தவேண்டும். 1960களில் சம்பள ஏற்றம் நின்றுபோன கடிதம் ஏதும் இருந்தால் பிள்ளைகள் பயந்து ஒளிக்கத் தேவையில்லை. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956 சட்டத்துக்குப் பிறகு சிங்களப் பரீட்சை எழுதாத தமிழ் உத்தியோகத்தர் பலருக்கு அது நேர்ந்தது. அதை மறைத்தால் அவர் ஏன் நேரத்தோடு பென்சன் எடுத்தார் என்பது விளங்காமல் போகும். அப்படி ஒரு கடிதம் அவருடைய துணிவுக்கு எந்தப் பட்டத்தையும் விட நல்ல சாட்சி.

சாகசங்களைச் சரிபார்த்தல்

துணிச்சல்காரரைச் சுற்றிக் கதை வளரும். அவரே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கொஞ்சம் உப்புப் போட்டிருப்பார். அதில் தவறில்லை, ஆனால் அச்சில் ஏறும்போது ஒரு பிழையான வருடம் மற்றப் பதினைந்து உண்மைகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். வல்வெட்டித்துறைக் குடும்பம் என்றால் "அப்பா அன்னபூரணிக் கப்பலில் அமெரிக்கா போனவர்" என்று ஒரு பேச்சு இருக்கலாம். அங்கே கட்டிய பாய்க்கப்பலான அன்னபூரணி 1938 இல் மசச்சூசெற்சில் உள்ள குளொஸ்டருக்குப் போய்ச் சேர்ந்தது. 1934 இல் பிறந்தவர் அப்போது நாலு வயதுப் பிள்ளை. போனது அவருடைய பெரியப்பாவாகவோ மாமாவாகவோ இருக்கலாம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர் என்று எழுதினால் அதுவே போதும், அதோடு அவருக்குக் கடல் ஆசை எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கும்.

"1954 இல் யாழ்தேவியில் கொழும்புக்கு வந்தார்." யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது 1956 இல். 1954 என்றால் தபால் ரயில். "1967 இல் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கினார்." 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது, அதன் பிறகு கப்பல் போனது இராமேஸ்வரத்துக்கு. வருடம் பிழையோ இடம் பிழையோ என்று பழைய கடவுச்சீட்டின் முத்திரையைப் பார்த்துத் தீர்மானியுங்கள். "இராணிச் சாரணர்" என்று இருந்தால், ஆறாம் ஜோர்ஜ் மன்னர் இறந்தது 1952 பெப்ரவரியில். அதற்கு முன் எடுத்த சின்னம் அரச சாரணர். இலங்கை 1972 இல் குடியரசானபின் அது ஜனாதிபதிச் சாரணர் ஆயிற்று. சான்றிதழ் கையில் இருந்தால் அதில் உள்ளதை அப்படியே எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சைக்கிளில் வந்த கதை பல வீடுகளில் உண்டு, அது நடக்கக்கூடியதும் கூட. தூரம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். கியர் இல்லாத றலி சைக்கிளில் நல்ல உடம்புள்ள இளைஞர்கள் நாளுக்கு 130 கிலோமீற்றர் மிதித்தால் மூன்று நாள். "ஒரே நாளில்" என்று கதை சொல்லப்பட்டால் கூட வந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி: இரவு எங்கே படுத்தீர்கள்? அநுராதபுரத்து மடமோ புத்தளத்துச் சொந்தக்காரர் வீடோ வெளியே வரும். அந்த மடத்துத் திண்ணைதான் மலருக்கு வேண்டியது; ஒரே நாள் சாதனையை விட அது வடிவு.

1954 இல் நவரத்தினசாமி பாக்குநீரிணையை நீந்தியபோதோ, 1971 இல் ஆழிக்குமரன் ஆனந்தன் 51 மணி நேரத்தில் போய்த் திரும்பி நீந்தியபோதோ கூடப்போன படகில் அப்பா இருந்தார் என்ற மாதிரிப் பொது நிகழ்வோடு பட்ட கதைகளுக்குப் பத்திரிகை இருக்கிறது. வீரகேசரி 1930 இலிருந்தும் தினகரன் 1932 இலிருந்தும் வருகின்றன. கொழும்பு 7 இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகளைப் பார்க்கலாம். ஆனால் மாதமும் வருடமும் தெரியாமல் போனால் ஒரு நாள் முழுக்க ஒற்றை புரட்டிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பவேண்டி வரும். முதலில் "நூலகம்" என்ற ஈழத்து மின்னூலக இணையத்தளத்தில் தேடிப் பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே பாடசாலை மலர்களும் சங்க ஆண்டறிக்கைகளும் நிறைய ஏற்றப்பட்டிருக்கின்றன. அப்பாவின் பெயர் எதிர்பாராத ஒரு விளையாட்டுக் குழுப் படத்தின் கீழே கிடக்கும்.

"சேவை செய்தார்" என்ற வசனம்

சேவை என்ற சொல்லை வரலாற்றுப் பகுதியில் ஒரு முறைக்கு மேல் விடாதீர்கள். அதற்குப் பதிலாக நாள், இடம், அளவு, யார், என்ன நட்டம். உதாரணத்துக்கு இப்படி:

"1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது. மறுகிழமை மருதானையில் இருந்து ஒரு லொறி வெளிக்கிட்டது. அரிசி 40 மூட்டை, மண்ணெண்ணெய் 4 பரல், விழுந்த மரம் அறுக்கக் கைவாள் இரண்டு. அப்பா கந்தோரில் 5 நாள் லீவு சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்தது 9 ஆம் நாள். மிச்ச 4 நாளுக்கும் சம்பளம் வெட்டப்பட்டது. அந்த மாதம் அம்மா ஒரு காப்பை அடைவு வைத்ததாக மூத்த மகள் சொல்கிறார்."

இதில் ஒரு புகழ்ச் சொல்லும் இல்லை. ஆனால் மனுசன் தெரிகிறார், வீடும் தெரிகிறது. இப்படி ஐந்து பந்தி கிடைத்தால் மலர் நிறைந்துவிட்டது. 1983 யூலையில் தமிழர்கள் தாக்கப்பட்ட கலவரத்துக்கும் அதே மாதிரி. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியா, இரத்மலானை விமான நிலையமா, எந்த முகாம்? தண்ணீர் வரிசையா, பெயர்ப் பதிவா, அகதிகளை வடக்குக்கு ஏற்றிய லங்கா கல்யாணிக் கப்பலுக்கு ஆட்களை அனுப்புகிற வேலையா? அல்லது அவரே குடும்பத்தோடு முகாமில் இருந்துகொண்டு இதையும் செய்தாரா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விடுகிறார்கள், பதில் பெரும்பாலும் ஆம். அந்தக் காலத்தில் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய சிங்கள அயலவரைப் பற்றி எழுதுவதானால் அவர்களுடைய பிள்ளைகளிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் பெயர் போடுங்கள்.

எண்ணிக்கைகளையும் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். "நூறு முறைக்கு மேல் இரத்ததானம்" என்று சொன்னால், இன்றைய விதிப்படி நாலு மாதத்துக்கு ஒரு முறைதான் கொடுக்கலாம், 18 வயதிலிருந்து 60 வயதுவரை. அப்படியென்றால் ஒரு தடவையும் தவறாமல் கொடுத்தாலும் 126 தான் உச்சம். நூறு நடக்கக்கூடியது, ஆனால் அவருடைய கொடையாளர் அட்டை இருந்தால் அதிலுள்ள எண்ணையே போடுங்கள். 47 என்று இருந்தால் 47. அந்த 47 ஐ வாசிக்கிறவர் நம்புவார், "நூற்றுக்கணக்கான" என்பதை நம்பமாட்டார்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. ஊருக்கு ஓடியோடிச் செய்தவரின் வீட்டில் அடுப்பு மூட்டியது யார்? மூன்று வருடத்துக்கு ஒரு இடமாற்றம் என்றால் ஒவ்வொரு முறையும் சாமான் கட்டியது, புதுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க அலைந்தது, அறிவிக்காமல் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது சோறு வடித்தது எல்லாம் அம்மா. வழக்கமான மலரில் அவருக்குக் கிடைப்பது "இல்லறம் எனும் நல்லறம்" என்ற ஒரு வரி. அம்மா இருக்கிறார் என்றால் அவரிடம் தனியாக, மற்றவர்கள் இல்லாத நேரத்தில், ஒரு மணித்தியாலம் இருந்து கேளுங்கள். எட்டுக்கு முன் கேட்கவேண்டாம், பாவம். இரண்டாம் கிழமை சரியான நேரம். கோபங்களும் வரும். எல்லாவற்றையும் போடத் தேவையில்லை, ஆனால் கேட்டுவிட்டு எழுதுகிறவருடைய வசனம் வேறு மாதிரி இருக்கும். குடும்பஸ்தர் என்பதற்கு ஆதாரம் அவர் எத்தனை பிள்ளை பெற்றார் என்பதில் இல்லை. பரீட்சைக் காலத்தில் இரவு தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாரா, தலைமன்னாரில் இருந்து கிழமைக்கு ஒரு கடிதம் போட்டாரா, கடைசி மகளுக்குச் சைக்கிள் பழக்கினாரா என்பவற்றில் இருக்கிறது.

வம்சாவளியில்தான் சண்டை வரும் என்பதால் அதற்கு ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன்தன் கிளையை எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பவேண்டும். அச்சுக்கு முன் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துத் திருப்பி அனுப்பி "சரி" என்ற பதில் வாங்கவேண்டும். வாயால் சொன்னது கணக்கில்லை. மருமக்களின் பெயர், வெளிநாட்டில் பிறந்த பூட்டப்பிள்ளைகளின் பெயர், காலஞ்சென்றவர்களுக்குமுன் "அமரர்" விடுபட்டதா, உயிரோடு இருப்பவருக்கு அது தவறிப்போய் விழுந்ததா (நடந்திருக்கிறது, மன்னிக்கப்பட்டதில்லை) என்பவற்றை உரத்து வாசித்துப் பாருங்கள். டொரன்டோவில் உள்ளவர்களுக்குக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு, குளிர்காலத்தில் பத்தரை. இங்கே பின்னேரம் ஐந்துக்கு அனுப்பினால் அவர்கள் வேலைக்குப் போகுமுன் பார்ப்பார்கள்.

படங்கள்

அப்பாவின் பழைய படம் ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்ரூடியோவின் ஊதா முத்திரை, பென்சிலில் நெகட்டிவ் இலக்கம், மூலையில் அவருடைய கையெழுத்தில் மையூறிய ஒரு வருடம், சில வேளை "கூட்டாளிமாருடன், மன்னார்" என்று இரண்டு சொல். ஓரம் பல்லுப் பல்லாக வெட்டி வெள்ளைக் கரை விட்டிருந்தால் பெரும்பாலும் 40களுக்கும் 60களுக்கும் இடைப்பட்டது. பின்பக்கத்தையும் ஒரு ஸ்கேன் எடுங்கள். முன்பக்கக் கோப்புக்கு 01அ என்றால் பின்பக்கத்துக்கு 01ஆ.

சாதாரண அஞ்சலட்டை அளவுப் படத்தை ஸ்கேன் பண்ண 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு), அடையாள அட்டை அளவுப் படத்துக்கு 1200. அச்சுக்கு 300 டிபிஐ வேண்டும், ஒரு ஏ5 பக்கத்தை முழுதாக நிரப்ப 1748 க்கு 2480 புள்ளி. வட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் படமாக அனுப்பினால் நீளப்பக்கம் ஏறக்குறைய 1600 புள்ளிக்குச் சுருங்கிவிடும். 300 டிபிஐயில் அது பதின்மூன்றரை சென்ரிமீற்றர்தான். கனடாவில் உள்ள மகனிடம் "டொக்கியுமென்டாக அனுப்பு" என்று சொல்லுங்கள், அல்லது மின்னஞ்சலில். முகப்புப் படம் மங்கலாக வந்த மலர்கள் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

கொழும்பின் ஈரலிப்பில் சட்டம் போட்ட படங்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். இழுக்கவேண்டாம், சட்டத்திலிருந்து கழற்றிக் கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் பண்ணுங்கள். போனில் எடுப்பதானால் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ, எடுப்பவருக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணி பிடித்தால் பிரதிபலிப்பு வராது. ஒட்டும் பசை அல்பத்தில் இருக்கும் படங்களைப் பல் இடுக்கு நூலை அடியில் ஓட்டிக் கழற்றலாம். வரவில்லை என்றால் ஒற்றையோடு ஸ்கேன். 70கள், 80களின் கலர்ப் படங்கள் சிவந்து போயிருக்கும், நீலச் சாயம் முதலில் மங்குவதால். திருத்த முடியாவிட்டால் கறுப்பு வெள்ளையாக்கிப் போடுங்கள். இப்போது வருகிற முகத்தைத் தெளிவாக்கும் செயலிகளைத் தொடவேண்டாம். அவை தெளிவாக்குவதில்லை, புதிதாக ஒரு முகத்தை வரைகின்றன. கண் அப்பாவுடையது போல இருக்கும், பார்வை வேறு யாருடையதோ.

அச்சகம்

48 பக்கம் ஏ5 என்று திட்டமிட்டால் இப்படிப் பிரிக்கலாம்: வாழ்க்கைக்கு 16, படங்களுக்கு 8, தேவாரம் திருவாசகம் முதலியவற்றுக்கு 10, மற்றவர்களின் நினைவுகளுக்கு 6, வம்சாவளிக்கு 4, மிச்சம் தலைப்பு, வெண்பா, நன்றி நவிலல். 11 புள்ளி எழுத்தில் ஒரு பக்கத்துக்கு 180, 200 சொல் பிடிக்கும், ஆக வரலாற்றுக்கு 3000 சொல். நடுவில் பின் அடிப்பதானால் மொத்தப் பக்கம் நாலால் பிரிபடவேண்டும். 64 பக்கத்துக்கு மேல் போனால் புத்தகம் நடுவில் உப்பும், உட்பக்க ஓரம் வெட்டுப்படும்; அப்போது பசை பைன்டிங். எப்படியானாலும் ஓரத்தில் 12 மில்லிமீற்றர் விடுங்கள். உள்ஒற்றை 100 ஜீஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் தாளின் கிராம் நிறை), படப்பக்கம் 130 ஆர்ட் தாள், அட்டை 300 ஆர்ட் போர்ட், பளபளப்பில்லாத மற் லமினேற்றிங். பளபளப்பு லமினேற்றிங் விரல் அடையாளம் பிடிக்கும்.

கொழும்பு அச்சகங்களில் இன்னும் பலர் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் வேலை செய்கிறார்கள். நீங்கள் போனில் தட்டியது யுனிகோட். மாற்றும்போது ஆங்கில எழுத்தில் உள்ளதெல்லாம், மின்னஞ்சல் முகவரி உட்பட, அர்த்தமில்லாத தமிழாகிவிடும். பாமினியில் ஒவ்வொரு ஆங்கில எழுத்தின் இடத்திலும் ஒரு தமிழ் எழுத்து இருப்பதால் அப்படி. யுனிகோடிலேயே இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் போட்டால் அதிலுள்ள வேர்ல்ட்-ரெடி கம்போசர் தெரிவை அழுத்தியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் "கொ", "போ" போன்றவற்றின் கொம்பு இடம் மாறி நிற்கும். புரூவ் (சரிபார்க்கத் தருகிற மாதிரிப் பிரதி) பார்க்கும்போது முதலில் கொம்புகளை மட்டும் பாருங்கள், பிறகு பெயர்களை, பிறகு தேதிகளை. கதையை வாசிக்கத் தொடங்கினால் பிழை கண்ணில் படாது. தேவாரத்துக்கு அச்சகத்துக் கோப்பை நம்பவேண்டாம்; பழைய பிழைகள் மலருக்கு மலர் தொடர்ந்து வருகின்றன. வீட்டிலுள்ள திருமுறைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

எத்தனை அடிப்பது? ஆட்களை எண்ணாமல் குடும்பங்களை எண்ணுங்கள். 300 பேருக்குச் சாப்பாடு சொன்னால் 150 புத்தகம், வெளிநாட்டுக்கு 50, வீட்டுக்கு 20. இந்த அளவுக்கு டிஜிற்றல் அச்சே இலாபம். தகடு செய்து அடிக்கிற ஓப்செற்றில் தகட்டுச் செலவு 200 பிரதிக்கும் ஒன்று, 1000 பிரதிக்கும் ஒன்று. மேலே சொன்ன தாளில் ஒரு புத்தகம் 100 கிராமுக்குக் கொஞ்சம் குறைய வரும், 50 புத்தகம் பயணப்பெட்டியில் 5 கிலோ. இலண்டன் போகிற மகள் மிளகாய்த்தூளோடு இதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

இறந்த திதியைச் செய்யுளாகச் சொல்லுகிற திதி வெண்பாவைக் கடைசிக்கு விடாதீர்கள். அதில் தமிழ் வருடம், மாதம், பட்சம், திதி நாலும் வரவேண்டும்; ஆண்டுத் திவசம் அதை வைத்துத்தான் நடக்கும். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் கணிக்கும் முறை வேறு என்பதால் திதி மாறும் நேரம் சில மணித்தியாலம் வேறுபடும், ஆகவே உயிர் பிரிந்த நேரம் திதியின் ஓரத்தில் விழுந்தால் ஒன்றில் தசமி, மற்றதில் ஏகாதசி. குடும்பக் கோயில் குருக்களிடம் நேரத்தையும் இடத்தையும் சொல்லி அவர் சொல்வதை எழுத்தில் வாங்கிப் புலவரிடம் கொடுங்கள். வெளிநாட்டில் இறந்தவர் என்றால் அந்த ஊர் நேரத்தையே சொல்லுங்கள். நீங்களாகக் கொழும்பு நேரத்துக்கு மாற்றிச் சொல்லிக் குழப்பவேண்டாம். 2025 ஏப்ரல் 14 இலிருந்து 2026 ஏப்ரல் நடுப்பகுதிவரை விசுவாவசு வருடம். அதன் பின் பராபவ. பங்குனியில் இறந்தவருக்குப் புது வருடப் பெயரைப் போட்ட வெண்பாக்கள் உண்டு. யாப்புக்காகப் புலவர் பெயரைச் சுருக்கினால் வீட்டில் கூப்பிட்ட பெயர் அதில் வருகிறதா என்று பாருங்கள். சில வேளை அதுவே பொருத்தமாக அமைந்துவிடும்.

நாள் கணக்கு இப்படி: எட்டுக்குள் கொப்பியும் கடதாசிகளும் போன் அழைப்புகளும். 16 ஆம் நாளுக்குள் எழுத்து முடியவேண்டும். 22 இல் முதல் புரூவ், 25 இல் கடைசிப் புரூவ், அதற்குப் பிறகு யார் எந்தப் படம் கொண்டுவந்தாலும் கதவு சாத்தியாச்சு. இடையில் ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை வந்தால் அச்சகம் பூட்டு. கலண்டரை முதலிலேயே பாருங்கள். கத்தோலிக்கக் குடும்பங்களில் நினைவுத் திருப்பலிக்கு எட்டுப் பக்கச் சிறு மலரே வழக்கம் என்பதால் அவர்களுக்கு இந்த ஓட்டம் பாதிதான்.

அச்சடித்தபின் ஒரு பெயர் விடுபட்டது தெரிந்தால் அழவேண்டாம். கால் ஒற்றை அளவில் "திருத்தம்" என்று அடித்து, முன்னட்டையின் உள்பக்கத்தில் மேல் ஓரத்தை மட்டும் பசை தடவி ஒட்டுங்கள். முழுதாக ஒட்டினால் ஈரத்தில் அட்டை சுருளும். பீடிஎஃப் கோப்பில் பிழையைத் திருத்தி, அந்தத் திருத்திய கோப்பையே வெளிநாட்டுக்கு அனுப்புங்கள். அச்சுப் பிரதிகளில் இரண்டைக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும், கோப்பை நூலகம் நிறுவனத்துக்கும் கொடுக்கலாம். கொடுக்குமுன் சின்னப் பிள்ளைகளின் பிறந்த தேதி, வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம் உள்ள பக்கங்களை எடுத்துவிடுங்கள். ஒலிப்பதிவுகளையும் ஸ்கேன்களையும் ஒரு பென் டிரைவில் போட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று. கொப்பியை அம்மாவிடம் கொடுங்கள். யார் யார் வந்தார்கள் என்று அவர் பின்னர் கேட்பார்.